அன்னை என்பார், அடிமணல் அள்ளுவார்!

கல்லணையிலே தொடங்கிக் காவிரிப்பூம்பட்டினத்திலே முடிகிறது ஒரு நெடுஞ்சாலை. மாநில நெடுஞ்சாலை 22 என்பது அதற்கு அரசு இட்ட பெயர். திருக்காட்டுப்பள்ளி, திருவையாறு, குடந்தை, மயிலாடுதுறை என்று காவிரியோடு கைகோத்து நடக்கும் சாலை. ஒருபுறம் ஆறு, மறுபுறம் வயல், இடையிலே மனிதன் கட்டிய கரை!

ஆடிப் பதினெட்டாம் நாள் அச்சாலையிலே நின்று பாருங்கள், தோழர்களே! மஞ்சளும் மலரும், காதோலையும் கருகமணியும் ஏந்தி மக்கள் வெள்ளம் வருகிறது. 'அன்னையே!' என்று ஆற்றை அழைக்கிறது. ஆனால் நீர் வற்றிய கோடைகளிலே நாம் கண்டது என்ன? அதே அன்னையின் மடியை அறுத்தெடுத்த மணல், அதே சாலையிலே, லாரி லாரியாகப் போகவில்லையா? அப்போது எங்கே போயிற்று இந்தப் பக்தி?

மணல் குப்பையன்று, நீரைத் தேக்கி ஊர்க் கிணறுகளுக்கு ஊட்டும் களஞ்சியம். அதை அள்ளினால் படுகை தாழும். வாய்க்காலின் தலைப்பு மேலே நிற்க, நீர் கீழே ஓடும். கரையின் காலடி கரையும். கரை சரிந்தபின் சாலை எங்கே நிற்கும்? மணலைச் சுமந்து சென்ற சாலை, தன் அடித்தளத்தையே சுமந்து சென்றது!

கல்லணைக்கு மேற்கே முக்கொம்பிலே, 1830-களில் எழுந்த கொள்ளிடம் மேலணையின் ஒன்பது மதகுகளை 2018 ஆகஸ்டு 22-இல் வெள்ளம் கொண்டுபோயிற்று. அணைக்கு வயதாகிவிட்டது என்றது அரசு. மணலை அள்ளியதே காரணம் என்றனர் உழவர். வயதுதான் குற்றமென்றால், அதனினும் பன்னூறாண்டு மூத்த கல்லணை நிற்கிறதே, எப்படி?

என் வகுப்பு மாணவன் ஒருவன் குளிக்க இறங்கினான். மணல் அள்ளிய குழி அவனை விழுங்கிற்று. 'ஆறு பலி கேட்டது' என்றனர் ஊரார். பதிவேட்டிலே அவன் பெயரைக் கோடிட்டு அடித்த கை இது! ஆறா கேட்டது பலி? குழி தோண்டியவன் யார்? தோண்டவிட்டவன் யார்? 'பலி' என்ற சொல், குற்றவாளிக்கு நாமே எழுதித் தரும் விடுதலைச் சீட்டு!

2003 முதல் மணல் அள்ளும் உரிமையை அரசே தன் கையில் வைத்துக்கொண்டது. எனவே கேள்வி விதியிடமன்று, அரசிடம் கேட்கப்பட வேண்டும்.

தோழர்களே! கோடையிலே படுகையிலுள்ள குழிகளை ஊர்தோறும் அளந்து எழுதுங்கள். மே 1 கிராம சபையிலே அக்கணக்கைப் படியுங்கள். பதில் வரும்வரை அமராதீர்கள். கும்பிட்ட கைகள் போதும். குறுக்கே நின்று தடுக்கும் கைகள் வேண்டும்!