அரைப்புள்ளிக்கு ஒரு வக்காலத்து

எதிர்வீட்டு மாமி மருந்துக் கவர் ஒன்றைக் கொண்டுவந்து நீட்டினார். கடைப் பையன் எழுதியிருந்தான்: 'காலை, சாப்பாட்டுக்கு முன், இரவு, பாலுடன்.'

"நீங்கதான் எழுதறவராச்சே, சொல்லுங்கோ. எது சாப்பாட்டுக்கு முன்னாடி?"

'காலை, சாப்பாட்டுக்கு முன்; இரவு, பாலுடன்' என்றால் ஒரு வைத்தியம். 'காலை; சாப்பாட்டுக்கு முன், இரவு, பாலுடன்' என்றால் வேறு வைத்தியம். ஓர் அரைப்புள்ளி இல்லாததால் மாமியின் மாத்திரை அந்தரத்தில் நின்றது.

'தமிழுக்கு செமிகோலன் எதுக்கு சார்? ஓலைச்சுவடியில் உண்டா?' என்று நண்பர் ஒருவர் சண்டைக்கு வருகிறார். சுவடியில் மெய்யெழுத்துக்கே பெரும்பாலும் புள்ளி கிடையாது. அதற்காக அதையும் எடுத்துவிடலாமா? 1490-களில் வெனிஸ் நகரில் ஆல்டஸ் மனுஷியஸ் அச்சில் கொண்டுவந்த குறி இது. 19-ம் நூற்றாண்டில் ஆறுமுக நாவலர் போன்றோர் நிறுத்தற்குறிகளைத் தமிழ் உரைநடையில் நிலைநிறுத்தினார்கள். நாம் வைத்த பெயர்கள் ஒரிஜினலைவிட மேல்: கால், அரை, முக்கால், முற்று. எவ்வளவு மூச்சு விடவேண்டும் என்பது பெயரிலேயே இருக்கிறது.

விதி ரொம்ப சிம்பிள். இரு பக்கமும் தனியாக நிற்கக்கூடிய வாக்கியம் வேண்டும். இரண்டுக்கும் சம்பந்தம் வேண்டும். 'மழை விட்டுவிட்டது; கூரை இன்னும் ஒழுகுகிறது.' முற்றுப்புள்ளி வைத்தால் உறவு அறுந்துவிடும். 'மழை விட்டும்' என்று எச்சமாக எழுதினால் அரைப்புள்ளிக்கு அங்கே வேலையில்லை. இன்னோர் இடம், மாமியின் கவர் மாதிரி காற்புள்ளிகள் நெரிசலாக இருக்கும் பட்டியல். அவ்வளவுதான்.

அற்ப விஷயம் என்பவர்களுக்கு ஒரு டெக்ஸாஸ் கதை. 1873 டிசம்பர் தேர்தலில் அந்த மாநில ஆளுநர் எட்மண்ட் டேவிஸ் தோற்றார். அங்கே 1869-ல் எழுதிய அரசியல் சட்டத்தில், வாக்களிக்கும் இடத்தைப் பிறகு சட்டம் போட்டு மாற்றலாம் என்று ஒரு வாசகம். அதன் முடிவில் ஓர் அரைப்புள்ளி. அப்புறம், வாக்குப்பதிவு நான்கு நாள் என்று இன்னொரு வாசகம். மாற்றும் அதிகாரம் அரைப்புள்ளியைத் தாண்டி வராது, ஆகவே ஒரே நாளில் நடத்திய தேர்தல் செல்லாது என்று 1874 ஜனவரியில் மாநில உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஜெயித்தவர்கள் சட்டை செய்யவில்லை. ரிச்சர்ட் கோக் ஆளுநராகப் பதவியேற்றுவிட்டார். நீதிமன்றத்துக்கு 'செமிகோலன் கோர்ட்' என்ற பட்டப்பெயர்தான் மிச்சம்.

நாமோ தயக்கம் வந்தால் மூன்று புள்ளி, உணர்ச்சி வந்தால் மூன்று ஆச்சரியக்குறி என்று தூவிக்கொண்டிருக்கிறோம். யோசித்து நிறுத்த வேண்டிய இடத்தில் கத்துகிறோம்.

மாமிக்கு நான் பேனாவை எடுத்துத் திருத்தித் தரவில்லை. கடையிலேயே கேட்டுவிட்டு வரச் சொன்னேன். எங்கே நிறுத்தவேண்டும் என்பது எழுதினவனுக்குத்தான் தெரியும். அதை வாசிப்பவர் தலையில் கட்டுவது அநியாயம்.