குழந்தை ஓடியாட இடம் எங்கே?

குழந்தைகளை ஓடியாட விடுங்கள், செல்போனைக் கையில் கொடுக்காதீர்கள், பாக்கெட் தின்பண்டம் வாங்கித் தராதீர்கள் என்று தாய்மார்களுக்கு நாலாபக்கத்திலிருந்தும் உபதேசம் வந்துகொண்டிருக்கிறது. உபதேசத்தில் தவறில்லை. ஆனால், உபதேசம் செய்பவர்கள் ஒரு கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டும். குழந்தை எங்கே ஓடுவது?

3, 4 வயதுக் குழந்தை தினசரி குறைந்தது 180 நிமிடம் உடலை அசைத்து விளையாட வேண்டும், அதில் 60 நிமிடமாவது மூச்சு வாங்க ஓடியாட வேண்டும் என்று உலக சுகாதார ஸ்தாபனம் 2019-ல் வெளியிட்ட வழிகாட்டுதல் கூறுகிறது. திரை முன் உட்காருவது ஒரு மணி நேரத்தைத் தாண்டக் கூடாது. 10 முதல் 13 மணி நேரம் தூக்கம் வேண்டும். ஓடியாடும் குழந்தைக்கு எலும்பும் தசையும் உறுதிப்படுகின்றன, நன்றாகப் பசிக்கிறது, நல்ல தூக்கம் வருகிறது. வெளிச்சத்தில் விளையாடும் குழந்தைக்குக் கிட்டப்பார்வை வரும் அபாயமும் குறைகிறது. இதற்கு விலை உயர்ந்த கருவி எதுவும் வேண்டாம். நொண்டி, பாண்டி, கண்ணாமூச்சி, பச்சைக்குதிரை ஆகிய எல்லாவற்றுக்கும் வேண்டியது கொஞ்சம் மண்தரை, நாலு கூட்டாளிகள், அவ்வளவுதான்.

“உழைப்பாளி வீட்டுக் குழந்தை தானாகவே ஓடியாடும், இது வசதி படைத்தவர்களின் பிரச்னை” என்று எண்ணுவோர் நம்மிடையிலும் உண்டு. அவர்கள் இன்றைய நகரத்துக் குடியிருப்புகளைப் பார்க்கட்டும். ஒற்றை அறை வீடு. வாசலை ஒட்டி மோட்டார் வாகனங்கள் பறக்கும் சந்து. தாயும் தகப்பனும் காலையிலேயே வேலைக்குப் போய்விடுகிறார்கள். குழந்தையைப் பார்த்துக்கொள்ளும் பாட்டி, அது ரோட்டுக்கு ஓடிவிடுமே என்ற பயத்தில் செல்போனைக் கொடுத்து உட்கார வைக்கிறாள். ஐந்து ரூபாய்ப் பாக்கெட் அதன் பசியைக் கெடுக்கிறது. இதைத் தாயின் அலட்சியம் என்று சொல்ல யாருக்கும் நியாயமில்லை.

தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்பு என்ன கூறுகிறது? நாட்டில் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் அதிக எடையுள்ளோர் 2015-16-ல் 2.1 சதவீதம், 2019-21-ல் 3.4 சதவீதம். அதே 2019-21-ல் வயதுக்கேற்ற வளர்ச்சியில்லாத குழந்தைகள் 35.5 சதவீதம். ஆறு மாதம் முதல் ஐந்து வயது வரையுள்ளவர்களில் ரத்தசோகை பிடித்தவர்கள் 67.1 சதவீதம். ரத்தமில்லாத குழந்தை சீக்கிரம் களைத்து ஒதுங்கி உட்கார்ந்துவிடும். அதை ஓடு என்று அதட்டிப் பயனில்லை. முதலில் சோறு, பருப்பு, முட்டை, கீரை வேண்டும். தமிழ்நாட்டில் 2022 செப்டம்பரில் துவங்கி, 2023 ஆகஸ்டில் அரசு தொடக்கப் பள்ளிகள் அனைத்துக்கும் விரிந்த காலை உணவுத் திட்டத்தை இக்காரணத்தாலேயே வரவேற்கிறோம்.

விளையாடும் தரையும் சுத்தமாக இருக்க வேண்டும். மலத்தால் அசுத்தமான மண்ணிலிருந்து கொக்கிப் புழு வெறுங்கால் வழியே உடலில் ஏறி, குடலில் தங்கி ரத்தத்தை உறிஞ்சுகிறது. 2015 முதல் குடற்புழு நீக்க நாள் நடத்தி மாத்திரை கொடுக்கிறார்கள்; அவசியமான காரியம். ஆனால் மாத்திரை தின்ற குழந்தை மறுநாள் அதே மண்ணில்தானே நிற்கிறது? கக்கூசும், குழாய்த் தண்ணீரும், சோப்பும், காலுக்குச் செருப்பும் இல்லாமல் “கை கழுவு” என்று சுவரில் எழுதி என்ன பயன்?

சட்டம் என்ன செய்கிறது? 2010 ஏப்ரல் 1 முதல் அமலில் உள்ள கல்வி உரிமைச் சட்டம், பள்ளிக்கு விளையாட்டு மைதானம் வேண்டும் என்கிறது. ஆனால் உடற்கல்விக்குப் பகுதிநேர ஆசிரியர் வேண்டும் என்பதை 6 முதல் 8 வரையுள்ள வகுப்புகளுக்கு மட்டும், அதுவும் நூறு குழந்தைகளுக்கு மேல் இருந்தால்தான் கட்டாயமாக்குகிறது. ஐந்தாம் வகுப்பு வரை அந்தக் கட்டாயமில்லை. ஆறு வயதுக்குட்பட்ட குழந்தையோ சட்டம் தரும் உரிமைக்கே வெளியே நிற்கிறது. அதற்கு அரசு ஏற்பாடு செய்யலாம் என்பதோடு சரி. ஓடிப் பழக வேண்டிய வயதில்தான் சட்டத்தின் கை மிகவும் குட்டையாக இருக்கிறது!

அந்தக் குழந்தைக்கு மிஞ்சியிருப்பது அங்கன்வாடி. 1975-ல் பிறந்த இத்திட்டத்தில் தமிழ்நாட்டில் ஐம்பதாயிரத்துக்கு மேற்பட்ட மையங்கள் உள்ளன. வாடகை அறையில், முற்றமில்லாமல் நடப்பவை அவற்றில் உண்டு. அங்கே ஓர் ஊழியர், ஓர் உதவியாளர். சமைப்பது, எடை பார்ப்பது, பதிவேடு எழுதுவது, கணக்கெடுக்க வீடு வீடாகப் போவது, செல்போனில் விவரம் ஏற்றுவது எல்லாம் இவர்கள் தலையில். குழந்தையோடு விளையாட நேரம் ஏது? இவர்களுக்கு மத்திய சர்க்கார் 2018-ல் உயர்த்தி அறிவித்த மதிப்பூதியம் ஊழியருக்கு மாதம் 4,500 ரூபாய், உதவியாளருக்கு 2,250 ரூபாய். பணிக்கொடை பெறும் உரிமைக்கே 2022-ல் சுப்ரீம் கோர்ட் வரை போக நேர்ந்தது.

ஆகவே நாம் கோருவது இவை: ஒவ்வொரு அங்கன்வாடிக்கும் சொந்தக் கட்டிடமும் வேலியிட்ட முற்றமும் வேண்டும். விளையாட்டு வேளையைக் கவனிக்கக் கூடுதல் ஆள் வேண்டும். ஊழியருக்கு முறையான சம்பளம் வேண்டும். தொடக்கப் பள்ளிகளுக்கு உடற்கல்வி ஆசிரியர் வேண்டும். விளையாட்டுப் பீரியடைக் கணக்குப் பாடத்துக்கு எடுத்துக்கொள்ளும் வழக்கம் ஒழிய வேண்டும். ஊருக்குப் பொதுவான மைதானத்தைக் கட்டிடம் கட்டவும் வண்டி நிறுத்தவும் கொடுக்கக் கூடாது.

சர்க்கார் செய்யும் வரை நாம் கைகட்டி இருக்க வேண்டியதில்லை. வாலிபர்கள் தங்கள் தெருவில் குப்பை மேடாகிவிட்ட ஒரு துண்டு நிலத்தையாவது சுத்தம் செய்யலாம். மாலையில் ஒரு மணி நேரம் வாகனங்களை மறித்துச் சந்தைக் குழந்தைகளுக்கு விடலாம். மாதர் முறைவைத்துக் காவலிருக்கலாம். கிராமசபை கூடும் நாளில் அங்கன்வாடி முற்றத்துக்குத் தீர்மானம் கொண்டுவரலாம்.

தாய்க்கு உபதேசம் செய்தது போதும். குழந்தைக்கு இடம் கொடுங்கள். ஓடுவதற்கு அதற்கு யாரும் கற்றுக்கொடுக்க வேண்டியதில்லை.