நான்கு பெண்கள் வந்தால்தான் ஆட்டம்

மாலை ஐந்து மணிக்கு மேல் தென்சென்னையின் எந்தத் திடலுக்குப் போனாலும் காட்சி ஏறக்குறைய ஒன்றுதான். ஒரே இடத்தில் மூன்று நான்கு கிரிக்கெட் ஆட்டங்கள் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு நடக்கும். ஓரத்தில் கால்பந்து. பெண் பிள்ளைகள் கண்ணில் பட்டால், பெரும்பாலும் சுற்றுப்பாதையில் அம்மாவோடு நடந்துகொண்டிருப்பார்கள். வரக்கூடாது என்று யாரும் அவர்களிடம் சொல்லவில்லை. வா என்று கூப்பிடவும் இல்லை.

நந்தனத்திலும் அதைச் சுற்றியுள்ள பேட்டைகளிலும் கோர்ஃப்பால் ஆட்டத்தைத் தொடங்கிப் பார்க்கலாம் என்று சொல்ல இதுவே போதுமான காரணம். ஓர் அணிக்கு எட்டுப் பேர்: நான்கு ஆண்கள், நான்கு பெண்கள். பெண்கள் வராவிட்டால் அணியே இல்லை. அதனால் பெண்கள் ஏன் வரவில்லை என்ற கேள்வி, ஆட விரும்பும் ஒவ்வோர் இளைஞனின் கேள்வியாகவும் ஆகிவிடுகிறது. திடலில் விளக்கு எரியவில்லை, கழிப்பறை பூட்டிக் கிடக்கிறது, உடைமாற்ற இடமில்லை என்பவை இனி 'அவர்கள் பிரச்சினை' அல்ல.

நெதர்லாந்தில் 1902-இல் நிகோ புரூக்ஹைசன் என்ற ஆம்ஸ்டர்டாம் பள்ளி ஆசிரியர் உருவாக்கிய ஆட்டம் இது. ஸ்வீடனில் தாம் பார்த்த ஒரு வளைய விளையாட்டை, மாணவரும் மாணவியரும் சேர்ந்து ஆடும்படி அவர் மாற்றி அமைத்தார். ஆணும் பெண்ணும் ஒரே களத்தில் ஆடுவதா என்று அன்று அங்கேயும் கண்டனம் எழுந்தது. ஆட்டம் அதைத் தாண்டி 1920 ஆன்ட்வெர்ப், 1928 ஆம்ஸ்டர்டாம் ஒலிம்பிக்குகளில் காட்சி ஆட்டமாக இடம்பெற்றது. 1985 முதல் உலக விளையாட்டுப் போட்டிகளிலும் இருக்கிறது. இந்தியாவில் இதற்கொரு தேசியச் சம்மேளனம் உண்டு. பல்கலைக்கழகங்களுக்கு இடையிலான போட்டிகளிலும் ஆடுகிறார்கள். பேட்டை அளவில்தான் இன்னும் வேர் பிடிக்கவில்லை.

விதிகளைச் சற்று நெருங்கிப் பார்த்தால் அவற்றின் நோக்கம் புரியும். நாற்பது மீட்டர் நீளம், இருபது மீட்டர் அகலமுள்ள களம். நடுக்கோட்டுக்கு இருபுறமும் ஒவ்வொரு கம்பம். மூன்றரை மீட்டர் உயரத்தில் கூடை. கூடைப்பந்து வளையத்தைவிட அரை மீட்டருக்குச் சற்றுக் குறைவாக உயர்ந்தது. பின்னால் பலகை கிடையாது. கம்பம் எல்லைக் கோட்டிலிருந்து தள்ளி உள்ளே நிற்பதால் அதைச் சுற்றி எந்தப் பக்கத்திலிருந்தும் எறியலாம். பந்தைத் தட்டிக்கொண்டு ஓடக்கூடாது. கையில் வைத்துக்கொண்டும் ஓடக்கூடாது. கைக்கெட்டும் தூரத்தில், கூடைப் பக்கமாக நின்று ஒருவர் மறித்தால் எறியக்கூடாது. அதனால் எவ்வளவு உயரமானவரும் தனியாக ஒன்றும் செய்துவிட முடியாது. பந்தைக் கொடுத்தே ஆகவேண்டும். ஆணை ஆண்தான் மறிக்கலாம், பெண்ணைப் பெண்தான் மறிக்கலாம். இரண்டு கோல் விழுந்ததும் இரு பாதியினரும் இடம் மாறுகிறார்கள். எறிந்தவர்கள் தடுக்கப் போகிறார்கள், தடுத்தவர்கள் எறிய வருகிறார்கள். பெண்களை ஒரு மூலையில் நிறுத்திவைத்துவிட்டு ஆண்கள் ஆடும் 'கலப்பு ஆட்டம்' இங்கே நடக்காது.

இதில் தயக்கம் உள்ளவர்களின் பேச்சையும் கேட்கவேண்டும். வளர்ந்த பெண்ணை ஆண்களோடு ஆட அனுப்ப யோசிக்கும் பெற்றோரைப் பிற்போக்கு என்று முத்திரை குத்துவது நியாயமல்ல. பேருந்திலும் தெருவிலும் இந்த நகரம் பெண்களுக்குக் கொடுக்கும் அனுபவத்திலிருந்து பிறந்த கவலை அது. உடல் மோதலை விதியே தடை செய்கிறது என்பது பாதிப் பதில்தான். களத்துக்கு வெளியே யார் பொறுப்பு, பயிற்சியாளர்களில் ஒரு பெண் இருப்பாரா, முறையிட யாரிடம் போவது ஆகியவற்றுக்கு முதல் நாளே பதில் இருக்கவேண்டும்.

பெண்கள் விளையாட்டுக்காக நெடுநாள் உழைத்தவர்களுக்கு வேறொரு அச்சம். கலப்பு அணி வந்தால், ஏற்கெனவே குறைவாக இருக்கும் மகளிர் அணிகளின் நேரமும் பணமும் அதற்குப் போய்விடுமோ என்கிறார்கள். கூடைப்பந்து, எறிபந்து, கோ-கோ பயிற்சியாளர்களோ, இருக்கும் ஆட்டங்களுக்கே நல்ல களமில்லாதபோது புதிதாக ஒன்றா என்று கேட்கிறார்கள். இரண்டும் சரியான கேள்விகள். மகளிர் அணிக்குரிய நேரத்தில் கை வைக்காமல், கலப்பு ஆட்டத்துக்குத் தனி நேரம் ஒதுக்கவேண்டும் என்பதே என் கருத்து. வாரத்தில் ஒரு மாலை கிடைத்தால் தொடங்கிவிடலாம்.

புது ஆட்டம் என்பதற்காகவே தயங்கவேண்டாம் என்று நந்தனத்துக்காரர்களிடம் தனியாகச் சொல்லத் தேவையில்லை. ஹாரி குரோ பக் 1920-இல் தொடங்கிய ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரி இங்கேதான் இருக்கிறது. அமெரிக்காவின் ஸ்பிரிங்ஃபீல்டில் ஒய்.எம்.சி.ஏ. பயிற்சிப் பள்ளியில் 1891-இல் பிறந்த கூடைப்பந்தும் ஒரு காலத்தில் நமக்கு அயலூர் ஆட்டம்தான். இன்று அதைப் பள்ளி மைதானங்களிலெல்லாம் பார்க்கிறோம். யாரும் அந்நியம் என்பதில்லை.

கலந்து ஆடுவதும் நமக்கு முற்றிலும் புதிதல்ல. பெசன்ட் நகர் எலியட்ஸ் கடற்கரையில் 'அல்டிமேட்' எனப்படும் தட்டு எறியும் ஆட்டத்தை ஆண்களும் பெண்களும் ஒரே அணியாகப் பல ஆண்டுகளாக ஆடிவருகிறார்கள். ஊரூர் குப்பத்து இளைஞர்களும் அதில் இருக்கிறார்கள். நடுவர் இல்லாமல், தவறை ஆட்டக்காரர்களே பேசித் தீர்த்துக்கொள்கிறார்கள். அங்கே வேடிக்கை பார்க்கவும் கூட்டம் கூடுவதுண்டு. பிள்ளையை அனுப்பலாமா என்று யோசிக்கும் பெற்றோர் ஒரு முறை போய் உட்கார்ந்து பார்க்கலாம். என் விளக்கத்தைவிட அது பயன்படும்.

இடம் யாருடையது என்பதுதான் கடினமான பகுதி. 2024 அக்டோபரில் மாநகராட்சியின் ஒன்பது கால்பந்துத் திடல்களைத் தனியாரிடம் ஒப்படைத்து, ஆளுக்கு மணிக்கு 120 ரூபாய் வசூலிக்கலாம் என்று தீர்மானம் வந்தது. எதிர்ப்புக் கிளம்பியதும் கைவிடப்பட்டது. ஏழைப் பிள்ளைகள் வெளியே நிற்கவேண்டி வரும் என்றவர்கள் சொன்னது உண்மை. பராமரிப்புக்குப் பணம் எங்கிருந்தோ வந்தாகவேண்டும் என்றவர்கள் சொன்னதும் பொய்யல்ல. கட்டணம் வேண்டாம் என்று கேட்டு வென்ற நாம், வலையைக் கிழிக்காமல் இருப்பதும் குழாயை மூடுவதும் குப்பையை எடுத்துப்போவதும் நம் வேலை என்று ஏற்பதே முறை. குடியிருப்போர் நலச்சங்கங்கள் இங்கே நிறையச் செய்ய முடியும். அனுமதிக் கடிதம், விளக்குக்கு விண்ணப்பம், கழிப்பறைச் சாவி யாரிடம் என்ற ஏற்பாடு எல்லாம் தனி ஆளால் ஆகிற காரியங்கள் அல்ல.

தொடங்க அதிகம் தேவையில்லை. நிலையான அடித்தட்டோடு இரண்டு கம்பங்களை எந்த வெல்டிங் பட்டறையும் செய்து தரும். கூடையை முன்பெல்லாம் பிரம்பில்தான் பின்னினார்கள். தொடக்கத்துக்கு அது போதும். பந்து கால்பந்தின் அளவுதான். சிறுவர்களுக்குக் கம்பத்தைத் தாழ்த்திக்கொள்ளலாம். பதினாறு பேர் சேராவிட்டால், நால்வர் அணியாக, இரண்டு பெண்களும் இரண்டு ஆண்களும் சேர்ந்து ஆடும் சிறு வடிவம் உண்டு. உடற்கல்விக் கல்லூரி மாணவர்கள் பயிற்சி கொடுக்க முன்வந்தால், அவர்களுக்கும் அது களப்பயிற்சி.

ஆண்டுத் தேர்வு முடிந்து கோடைகாலப் பயிற்சி முகாம்கள் தொடங்கும் நேரம் இதற்கு ஏற்றது. வெயில் தாழ்ந்தபின் ஐந்தரைக்குத் தொடங்கி, இருட்டுமுன் முடித்துவிடலாம். முதல் மாதம் பெற்றோர் ஓரத்தில் நாற்காலி போட்டு உட்காரட்டும். மாதக் கடைசியில் பயிற்சியாளர், பெற்றோர், நலச்சங்கம், திடலில் மற்ற ஆட்டம் ஆடுபவர்கள் அனைவரும் ஒரு மணி நேரம் கூடிப் பேசி, தொடர்வதா, எந்த நேரத்தில் தொடர்வது என்று முடிவு செய்யட்டும். அந்தக் கூட்டத்தில் முதலில் பேச அழைக்கவேண்டியது, அந்த மாதம் ஆடிய பெண் பிள்ளைகளை.