"பொசிட்டிவ்" என்ற சொல்லுக்குப் பயந்து ரிப்போட்டைப் பூட்டி வைக்கும் நம்மவர்களுக்கு



எங்கள் பாடசாலைப் பிள்ளை ஒன்றின் உம்மா, மார்பில் எடுத்த பயொப்சி ரிப்போட்டை ஆறு மாதம் அலுமாரியில் பூட்டி வைத்திருந்தார். போன மாதம்தான் ஆசிரியர்களான எங்களுக்குத் தெரிய வந்தது. காரணம் கேட்டோம். மூத்த மகளுக்குச் சம்பந்தம் பேசுகிறார்களாம். அதோடு ரிப்போட்டில் "ஈ.ஆர். பொசிட்டிவ்" என்று இருந்ததாம். மச்சான்மார் பார்த்துவிட்டு, "எல்லாம் முடிஞ்சு, ஊசி குத்தினதால பரவிட்டு" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டார்கள். அவர்கள் எந்த மெடிக்கல் கொலேஜில் படித்தார்களோ!

ஜனாஸாக்களை எரித்த கொவிட் காலத்திலிருந்து "பொசிட்டிவ்" என்றாலே நமக்கு நடுக்கம். அது விளங்குகிறது. ஆனால் இது அந்தப் பொசிட்டிவ் இல்லை.

ரிப்போட்டில் இருந்தது டீ.சீ.ஐ.எஸ். பால் குழாய்க்குள்ளே கலங்கள் மாறியிருக்கின்றன, குழாயின் சுவரை இன்னும் தாண்டவில்லை. ஈ.ஆர். என்பது அந்தக் கலங்களில் ஈஸ்ட்ரஜன் ஓமோனைப் பிடிக்கும் வாங்கி. அது பொசிட்டிவ் என்றால் ஓமோனைத் தடுக்கும் டெமொக்சிபன் போன்ற மாத்திரை அந்தப் பெண்ணுக்குப் பயன்படலாம் என்று அர்த்தம். சத்திரசிகிச்சைக்குப் பிறகு வழமையாக ஐந்து வருடம் குடித்தால் திரும்ப வரும் வாய்ப்பு குறையும். நெகட்டிவ் என்றால் அந்த மாத்திரையால் பலன் எதிர்பார்க்க முடியாது. அதாவது, நாம் ஒப்பாரி வைத்தது நல்ல செய்திக்கு!

இந்தக் குறியீடுகள் ஜோசியம் இல்லை. கே.ஐ.67 கலங்கள் எவ்வளவு வேகமாகப் பிரிகின்றன என்று காட்டும். ஆனாலும் யாருக்கு இது புற்றுநோயாக முற்றும், யாருக்கு அப்படியே கிடக்கும் என்று உறுதியாகச் சொல்லும் சோதனை இன்னும் இல்லை. அதனால்தான் பூட்டி வைக்கக் கூடாது என்கிறோம். கருஞ்சீரகம் சாப்பிடுங்கள், யார் வேண்டாம் என்றது? சத்திரசிகிச்சைக்குப் பதிலாகச் சாப்பிடாதீர்கள்.

டொக்டர்மாரிடமும் ஒரு குறை உண்டு. ரிப்போட்டைக் கையில் தந்து "அடுத்த மாதம் வாங்க" என்றால் போதுமா? அந்த ஒரு சொல்லை இரண்டு நிமிடம் தமிழில் விளக்கியிருந்தால் ஆறு மாதம் போயிருக்காது.

உங்கள் ரிப்போட்டில் ஈ.ஆர். இல்லையென்றால் கேளுங்கள். எடுத்த சதையை ஆய்வுகூடத்தில் மெழுகுக்குள் வைத்திருப்பார்கள். பெரும்பாலும் அதிலேயே பார்க்கலாம், திரும்ப ஊசி குத்தத் தேவைப்படாது.

அந்த உம்மா நேற்று மகரகமவுக்குப் போனார். எங்களில் இரண்டு டீச்சர்மார் கூடப் போனோம். மச்சான்மாருக்கு வேலையாம்.