கடற்கன்னி வாலும் நமது கால்களும்

சென்ற நோன்புப் பெருநாளுக்குக் கட்டாரிலிருந்து வந்த சாச்சா, தன் ஏழு வயது மகளுக்கு ஒரு நீளப் பெட்டி கொண்டுவந்தார். பிரித்துப் பார்த்தால் உள்ளே ஒரு கடற்கன்னி வால். பச்சையும் ஊதாவுமாய் மின்னும் செதில் துணி. நுனியில் இரு பாதங்களையும் ஒன்றாகச் செருகிக்கொள்ள ஓர் அகன்ற துடுப்பு. வீட்டு மண்டபத்திலேயே அதை மாட்டிக்கொண்ட சின்னவள், தவளை போல இரண்டு தரம் துள்ளிவிட்டுப் பாயில் விழுந்தாள். வீடே சிரித்தது. பெருநாள் மூன்றாம் நாள் பாசிக்குடாவுக்குப் போகும்போது அதை அணிந்து குளிப்பதென்று முடிவாயிற்று.

அன்றிரவு ராத்தாவின் கைப்பேசிக்கு ஒரு காணொளி வந்தது. ஏதோ வெளிநாட்டுச் செய்தியின் துண்டு. வால் அணிந்த சிறுமியொருத்தி நீச்சல் தடாகத்தில் கவிழ்ந்து, நிமிர முடியாமல் திணறுகிறாள். பின்னணியில் நெஞ்சைப் பதறவைக்கும் இசை. பத்து நிமிடத்துக்குள் அது குடும்ப வட்ஸ்அப் குழுவில் நான்கு தடவை வந்துவிட்டது. அடுத்த நாள் காலை வால் அலுமாரிக்குள் போயிற்று. சாச்சி பூட்டித் திறப்பையும் எடுத்துக்கொண்டார்.

அது சரியான முடிவுதான். நீந்தத் தெரியாத பிள்ளைக்கு அந்த வால் ஆபத்தானது. என் மனவருத்தம் அதற்குப் பிறகு நடந்ததைப் பற்றியது. பாசிக்குடாவில் என் தம்பிமாரும் மச்சான்மாரும் கழுத்தளவுத் தண்ணீரில் நின்று கூத்தடித்தார்கள். நாங்கள் பெண்பிள்ளைகள் எல்லாரும் கரையில் காலை நனைத்துக்கொண்டு நின்றோம். சின்னவள் வாலில்லாமலாவது இறங்குகிறேன் என்று அழுதபோது, "அந்த வீடியோவப் பாத்தல்லவா? பொம்புளப் புள்ளைக்குத் தண்ணியில என்ன வேல?" என்றார் உம்மா. வாலைப் பற்றி வந்த எச்சரிக்கை ஓர் இரவுக்குள் பெண்பிள்ளைகளைப் பற்றிய சட்டமாக மாறிவிட்டது. எப்படி மாறியது என்று யோசித்ததன் விளைவே இக்கட்டுரை.

முதலில் அந்த வாலைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். திரைப்படங்களும் தொலைக்காட்சித் தொடர்களும் வளர்த்த ஆசையை வியாபாரிகள் துணியாகத் தைத்தார்கள். மேலைநாடுகளில் பத்து, பதினைந்து வருடங்களாக அது பிள்ளைகளின் விளையாட்டுப் பொருளாக விற்பனையாகிறது. இரண்டு கால்களும் ஒரே உறைக்குள் போய்விடுவதால் கால்களை மாறி மாறி உதைக்க முடியாது. டொல்பின் போல இடுப்பிலிருந்து முழு உடலையும் அலைத்தே நகர வேண்டும். களைத்துவிட்டால் ஒரு பிள்ளை இயல்பாகச் செய்வது கால்களை அகட்டித் தண்ணீரை மிதிப்பது, அல்லது ஆழமில்லாத இடத்தில் எழுந்து நிற்பது. வாலுக்குள் இரண்டும் கடினம். அதனால்தான் இடுப்பளவுத் தண்ணீரும் அங்கே பாதுகாப்பில்லை. முகங்குப்புறக் கவிழ்ந்தால் நிமிர்வதற்கு வயிற்றிலும் முதுகிலும் வலு வேண்டும். ஏழு வயதில் அந்த வலு எல்லாருக்கும் இராது.

2015இல் கனடாவின் எட்மன்டன் மாநகரம் தனது பொது நீச்சல் தடாகங்களில் இந்த வால்களைத் தடை செய்தது. மேற்கு அவுஸ்திரேலியாவில் உயிர்காப்புச் சங்கத்தார் பிள்ளைகளை வைத்தே சோதித்துப் பார்த்தார்கள். காலில் ஒற்றைத் துடுப்பு மட்டும் அணிந்தபோது பிள்ளைகளின் நீச்சல் திறன் சராசரியாக 60 வீதம் குறைந்தது. முழு வாலும் அணிந்தபோது 70 வீதம் குறைந்தது.

இவற்றை ஊடகங்கள் சொன்ன விதத்தைத் தேடிப் படித்தேன். பெரும்பாலும் இரண்டே குரல்கள். ஒன்று வேடிக்கைக் குரல்: கடற்கன்னிகளுக்குத் தடையாம், பாவம் கடற்கன்னிகள் என்ற சிரிப்பு. மற்றது திகில் குரல்: உங்கள் பிள்ளையின் உயிரைக் குடிக்கும் விளையாட்டுப் பொருள் என்ற அலறல். சிரித்தவன் அடுத்த செய்திக்குப் போய்விடுவான். பயந்தவன் காணொளியைப் பத்துப் பேருக்கு அனுப்புவான். இருவருமே அந்த 70 வீதத்தின் பொருளை நின்று யோசிப்பதில்லை.

குறைந்தது எதிலிருந்து? அந்தப் பிள்ளைகளிடம் ஏற்கெனவே இருந்த நீச்சல் திறனிலிருந்து. வாலில்லாமல் அவர்களால் நீந்த முடியும். அதனால்தான் வாலோடு எவ்வளவு குறைகிறது என்று அளக்க முடிந்தது. எங்கள் சின்னவளை அந்தச் சோதனைக்கு அனுப்பியிருந்தால் அளப்பதற்கு என்ன இருந்திருக்கும்? பூச்சியத்தில் 70 வீதம் குறைந்தால் மிஞ்சுவதும் பூச்சியம். 70 வீதம் கூடினாலும் அதுவேதான். நீந்தத் தெரியாதவள் மூழ்குவதற்கு வால் தேவையில்லை. அந்தக் காணொளி அவுஸ்திரேலியத் தாய்க்குச் சொன்ன செய்தி, "உன் பிள்ளை வாலோடு இறங்கும்போது கவனம்" என்பது. அதே காணொளி எங்கள் வீட்டுக்கு வந்ததும், "உன் பிள்ளையை இறக்கவே இறக்காதே" என்றாகிவிட்டது. நடுவில் சொல்லப்படாமல் போன ஒரு வசனம்தான் காரணம்: நீந்தக் கற்றுக்கொடு.

தோழியரே, நாம் எங்கே வாழ்கிறோம் என்று ஒரு கணம் நினைத்துப் பாருங்கள். ஒரு பக்கம் கடல், மறுபக்கம் ஆறு என்று நாம் அழைக்கும் வாவி. மீன்பாடும் தேன்நாடு என்று ஊருக்கே பெயர். கல்லடிப் பாலத்தடியில் நிலாக் காலத்தில் கேட்கும் ஒலியைக் கடற்கன்னியரின் பாட்டு என்று முன்னோர் நம்பினார்கள். காரைதீவில் பிறந்த சுவாமி விபுலாநந்தர் 1947இல் வெளியான தமது யாழ் நூலில் அந்த நீரர மகளிருக்கு இடம் கொடுத்தார். தண்ணீருக்குள் பாடும் பெண்ணைக் கற்பனை செய்த ஊர் இது. ஆனால் அந்தத் தண்ணீரில் நாலு முழம் நீந்தத் தெரிந்த பெண்கள் நம் வகுப்பில் எத்தனை பேர்? நான் என் வகுப்பில் கேட்டுப் பார்த்தேன். முப்பத்திரண்டு பேரில் இருவர் கை உயர்த்தினார்கள். அவர்களில் ஒருத்தி, "கொஞ்சம் மிதப்பேன்" என்றாள்.

இதற்கு நாம் கொடுத்த விலையை மூத்தம்மாவின் வாயால் கேட்டு வளர்ந்தவள் நான். 2004 டிசம்பர் 26 காலையில் அவருடைய தங்கை வீட்டு வாசலில் மீன் வெட்டிக்கொண்டிருந்தாராம். தண்ணீர் வந்தபோது சாரி காலைச் சுற்றிக்கொண்டது. அவிழ்ந்த கூந்தல் வேலிக் கம்பியில் சிக்கிக்கொண்டது. பக்கத்தில் நின்ற அவருடைய மகன் தென்னையில் ஏறித் தப்பினான். மரமேறவும் நீந்தவும் அவனுக்கு யாரும் பாடம் எடுக்கவில்லை. ஆண்பிள்ளை என்பதால் விளையாட்டோடு விளையாட்டாக வந்துவிட்டது. அந்தச் சாரியும் ஒரு வால்தான் என்று இப்போது எனக்குத் தோன்றுகிறது. அந்த வாலைப் பற்றி எந்தத் தொலைக்காட்சியும் எச்சரித்ததில்லை.

இது எங்கள் ஒரு வீட்டுக் கதையல்ல. அம்பாறைக் கரையோரத்தில் இடம்பெயர்ந்த குடும்பங்களிடையே நடத்தப்பட்ட ஆய்வொன்று, சுனாமியில் இறந்த பெண்களின் வீதம் ஆண்களினதைப் போல இரு மடங்குக்கும் அதிகம் என்று கண்டது. 2005இல் ஒக்ஸ்பாம் வெளியிட்ட குறிப்பும் இதையே பேசியது. இலங்கையில் நீந்தவும் மரமேறவும் பெரும்பாலும் ஆண்பிள்ளைகளே பழகுகிறார்கள் என்பதை அது காரணங்களில் ஒன்றாகக் காட்டியது. இருபது வருடங்கள் கடந்துவிட்டன. சுனாமி நினைவு தினத்தில் நமது ஊடகங்கள் ஆண்டுதோறும் அழிவின் படங்களைக் காட்டுகின்றன. கண்ணீர்க் கவிதைகள் வாசிக்கப்படுகின்றன. அன்றைக்குப் பெண்கள் ஏன் அதிகம் இறந்தார்கள், இன்றைக்கு அது மாறியிருக்கிறதா என்ற கேள்வியை நான் அரிதாகவே கேட்டிருக்கிறேன்.

மற்றச் செய்திகளும் அப்படித்தான். 2021 நவம்பரில் கிண்ணியா குறிஞ்சாக்கேணியில் இழுவைப் படகு கவிழ்ந்து பாடசாலைப் பிள்ளைகள் இறந்தார்கள். 2024 நவம்பரில் மாவடிப்பள்ளியில் வெள்ளம் உழவு இயந்திரத்தை அடித்துச் சென்றபோது மதரஸா மாணவர்கள் உயிரிழந்தார்கள். பாலம் ஏன் கட்டப்படவில்லை, யார் பொறுப்பு என்று ஊடகங்கள் கேட்டன. அது கேட்க வேண்டிய கேள்வியே. அந்த வெள்ளத்தின் வேகத்தில் நீந்தத் தெரிந்தவன் தப்பியிருப்பான் என்று சொல்லவும் நான் வரவில்லை. ஆனால் பெரிய விபத்துகள் ஓய்ந்த பிறகு, ஒவ்வொரு விடுமுறையிலும் குளத்திலும் ஆற்றிலும் கடலிலும் ஒவ்வொருவராக மூழ்கும் பிள்ளைகளைப் பற்றி ஆறு வரிச் செய்திதான் வருகிறது. பெயர், வயது, ஊர், சடலம் வைத்தியசாலையில் ஒப்படைக்கப்பட்டது, பொலிஸார் விசாரணை. அந்த இடத்தின் ஆழம் என்ன, எச்சரிக்கைப் பலகை இருந்ததா, கூட இருந்தவர்களுக்குக் கயிறோ வெற்றுக் கலனோ வீசத் தெரிந்திருந்ததா, பிள்ளைக்கு நீச்சல் தெரியுமா என்று எதுவும் இராது. பிள்ளையின் படம் மட்டும் தவறாமல் இருக்கும்.

உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கின்படி 2021இல் உலகெங்கும் ஏறத்தாழ 3 இலட்சம் பேர் நீரில் மூழ்கி இறந்தார்கள். அவர்களில் மிகப் பெரும்பாலோர் நம்மைப் போன்ற வறிய, நடுத்தர வருமான நாட்டவர். பாடசாலை வயதுப் பிள்ளைகளுக்கு அடிப்படை நீச்சலும் நீர்ப் பாதுகாப்பும் கற்பிக்க வேண்டும் என்பது அந்த நிறுவனத்தின் பரிந்துரைகளில் ஒன்று. ஜூலை 25 உலக நீரில் மூழ்குதல் தடுப்பு நாள். அந்த நாளில் நம் ஊரில் எத்தனை பேர் அதைப் பற்றிப் பேசுகிறோம்?

"உடுப்பு என்னாகும்? மானம் என்னாகும்?" என்று பெரியவர்கள் கேட்பார்கள். கேட்பது நியாயம், அது எனக்கும் பெரிது. ஊடகங்கள் இங்கேயும் நமக்கு உதவவில்லை. அவுஸ்திரேலியாவில் வாழும் அஹெதா ஸனெட்டி என்ற முஸ்லிம் பெண் 2004இல் புர்கினி என்ற முழு நீச்சலுடையை வடிவமைத்தார். உடலை மறைத்து, கைகால்களை வீசி நீந்தவிடும் உடை அது. 2016 கோடையில் பிரான்ஸின் கடற்கரை நகரங்கள் சில அதைத் தடை செய்தபோது உலக ஊடகங்கள் வாரக்கணக்கில் அதையே பேசின. அந்நாட்டின் உயர் நிர்வாக நீதிமன்றம் ஓகஸ்ட் 26இல் அத்தகைய தடையொன்றை இடைநிறுத்தியது. கால்களைக் கட்டிப்போடும் வாலைக் கடையில் குழந்தைக்கு விற்கலாம்; கால்களை விடுவிக்கும் உடையில் ஒரு பெண் குளித்தால் அது நெருக்கடி! இந்த முரணை எத்தனை பேர் எழுதினார்கள்?

அதே உடையின் இன்னொரு கதை நமக்கு முக்கியமானது. 2007இல் சிட்னியின் குரொனுல்லா கடற்கரையில் மெக்கா லாலா என்ற முஸ்லிம் யுவதி, சிவப்பும் மஞ்சளுமான புர்கினி அணிந்து உயிர்காப்பாளராகத் தகுதி பெற்றார். முக்காட்டோடு, மற்றவர் உயிரைக் காக்கும் இடத்தில் ஒரு முஸ்லிம் பெண். பிள்ளைகளுக்கு நீச்சல் கற்றுக்கொடுங்கள் என்று உமர் (ரலி) அவர்கள் சொன்னதாக நாம் மேடைகளில் கேட்கிறோம். அந்தச் சொல்லில் 'பிள்ளைகள்' என்பதை ஆண்பிள்ளைகள் என்று சுருக்கியது யார்?

"நீச்சல் தெரிந்தால் துணிவு கூடி ஆழத்துக்குப் போய் மாட்டிக்கொள்வார்கள்" என்றார் வாப்பா. அதிலும் உண்மை உண்டு. அதனால்தான் நீச்சலோடு நீரோட்டம், சுழி, முகத்துவாரம் வெட்டப்படும் காலத்து இழுவை, தனியே இறங்காமை எல்லாவற்றையும் சேர்த்துக் கற்பிக்க வேண்டும் என்கிறேன். வீதி விபத்துக்குப் பயந்து பிள்ளைக்கு வீதி கடக்கக் கற்றுக்கொடுக்காமல் விடுகிறோமா?

எனவே இரண்டு வேண்டுகோள்கள். ஊடகத்துறையில் இருக்கும் நம்மவர்களுக்கு: ஆபத்தைக் காட்டும் ஒவ்வொரு செய்தியிலும் தப்பும் வழியைச் சொல்ல இரண்டு வசனம் ஒதுக்குங்கள். உங்கள் செய்தி எங்கள் வீடுகளில் யாருடைய கதவைப் பூட்டும் என்பதையும் நினையுங்கள். நமது கல்லூரிக்கும் பெற்றோருக்கும் பழைய மாணவியருக்கும்: மாதத்தில் இரண்டு சனிக்கிழமைகள், மறைப்பான ஓர் இடம், ஒரு பெண் பயிற்றுநர், தக்க உடை. மேடை அலங்காரத்துக்கு ஒரு விழாவில் செலவழிப்பதைக் கொண்டே தொடங்கிவிடலாம் என்பது என் கணக்கு.

போன வாரம் சின்னவள் வந்து கேட்டாள். "ராத்தா, அந்த வால எப்ப உடுக்கலாம்?"

"வாலில்லாம நீ நீந்தப் பழகின பிறகு" என்றேன்.

"யாரு பழக்குவா?"

அவளுக்கு நான் இன்னும் பதில் சொல்லவில்லை. பதிலுக்காகத்தான் இதை எழுதினேன்.