இதயச் செயலிழப்பு ஆய்வுகளும் எம்மவரின் பங்கும்

உடலுக்கு வேண்டிய அளவு இரத்தத்தை உந்தித் தள்ளும் வலுவை இதயம் இழந்துவிடும் நிலையையே வைத்தியத்துறையினர் இதயச் செயலிழப்பு என்கின்றனர். சிறிது தூரம் நடந்தாலே மூச்சு வாங்குதல், கால் வீக்கம், தலையணையை உயர்த்தாமல் உறங்க முடியாமை ஆகியன அதன் அறிகுறிகள். இந்நோய் பற்றி இன்று நாம் அறிந்தவற்றுட் பெரும்பகுதி பிறநாட்டு ஆய்வுகூடங்களில் விலங்குகளிலும் புரதங்களிலும் நிகழ்த்தப்பட்ட ஆய்வுகளின் பேறாகும். அவ்வறிவு எமது மக்களுக்கு முழுமையாகப் பயன்பட வேண்டுமாயின் இங்கும் ஒரு பணி நடைபெற்றாக வேண்டும். நல்லூர்ப் பிரதேசத்தில் மருத்துவ பீடம் ஒன்றைக் கொண்டுள்ள வடபகுதிச் சமூகம் இதனைச் சிந்திப்பது அவசியமாகின்றது.

விலங்கு ஆய்வுகளின் பயனை மறுப்பதற்கில்லை. பிரேசில் நாட்டு விரியன் பாம்பொன்றின் நஞ்சு குறித்து 1960களில் நடந்த ஆய்வுகளே கப்டொப்ரில் என்னும் மருந்துக்கு வழிகோலின. மாரடைப்புக்கு உட்படுத்தப்பட்ட எலிகளுக்கு அம்மருந்தைக் கொடுத்தபோது அவற்றின் ஆயுள் நீண்டதை அமெரிக்காவின் மார்க் பெஃபர் குழுவினர் 1985 இல் எடுத்துக்காட்டினர். எனினும் விடயம் எலியோடு நின்றுவிடவில்லை. மாரடைப்பினால் இதயம் வலுவிழந்த 2,231 நோயாளரிடம் அது பரிசோதிக்கப்பட்டு, இறப்பு 19 சதவீதத்தால் குறைந்தமை 1992 இல் உறுதியாயிற்று. எலி வழியைக் காட்டியது. அவ்வழி சரியானதென்பதை மனிதரிடம் நடந்த பரிசோதனையே நிறுவியது.

இந்த இரண்டாவது படி எத்துணை முக்கியமானது என்பதற்கு எம்மையே சார்ந்த உதாரணம் ஒன்று உண்டு. இதயத் தசை சுருங்கி விரிவதை ஒழுங்குபடுத்தும் புரதங்களுள் ஒன்று ‘மயோசின் பிணைப்புப் புரதம் சி’. அதனை ஆக்கும் பரம்பரையலகில் 25 எழுத்துகள் விடுபட்டிருப்பது 2003 இல் இந்தியக் குடும்பங்களில் கண்டறியப்பட்டது. மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் ஆய்வைத் தொடங்கிய பெருந்துறை தண்டபாணி, ஐதராபாத் ஆய்வாளர் குமாரசாமி தங்கராஜ் முதலியோர் இதுபற்றி 2009 இல் ‘நேச்சர் ஜெனெட்டிக்ஸ்’ சஞ்சிகையில் விரிவாக எழுதினர். இந்தியரில் நூற்றுக்கு ஏறத்தாழ 4 பேரிடம் இக்குறை உள்ளது. இலங்கை, பாகிஸ்தான், மலேசியா, இந்தோனேசியா ஆகிய நாடுகளிலும் காணப்படுகின்றது. இதயத் தசைநோய்க்கான வாய்ப்பை 5 முதல் 7 மடங்கு வரை உயர்த்துகின்றது என்பன அதன் முடிவுகள். அக்கட்டுரை வெளிவந்த ஜனவரி மாதத்தில் வன்னியில் யுத்தம் உச்சத்தில் இருந்தது. அதனைக் காதில் வாங்கும் நிலையில் நாம் இருக்கவில்லை.

புரத ஆய்வுகள் அந்த அச்சத்துக்கு வலுச்சேர்த்தன. குறைபாட்டினால் புரதத்தின் இறுதிப்பகுதி மாறிவிடுகின்றது. அவ்வாறு மாறிய புரதத்தை எலியின் இதயத் தசைக்கலங்களில் உருவாக்கிப் பார்த்தபோது அக்கலங்கள் சுருங்கும் திறன் பாதிக்கப்பட்டமை 2015 இல் தெரியவந்தது. அதே பரம்பரையலகின் வேறொரு குறை மெயின் கூன் இனப் பூனைகளில் இயற்கையாகவே இதயத் தசைத் தடிப்பை உண்டாக்குவது 2005 இலேயே அறியப்பட்டிருந்தது. ஆனால் சுண்டெலியின் இதயம் நிமிடத்துக்கு 500 தடவைக்கு மேல் துடிப்பது. எமது இதயமோ 70 தடவை அளவில் துடிப்பது. இரண்டிலும் முதன்மை பெறும் மயோசின் வகையும் வேறு. ஒரு புரதம் எவ்வாறு பழுதுபடும் என்பதை ஆய்வுகூடம் காட்டலாம். எத்தனை பேரின் இதயம் உண்மையில் பழுதுபடுகின்றது என்பதை மக்களிடையே சென்றுதான் அறியமுடியும்.

அவ்வாறு சென்றபோது நிலைமை மாறியது. அமெரிக்காவில் வாழும் தென்னாசியரை ஆராய்ந்த குழு ஒன்று, இக்குறையுடையோரில் ஒரு சிறு பகுதியினரிடம் அதனுடன் இணைந்து வேறொரு மாற்றமும் இருப்பதையும், இதயத்தின் இயக்கம் அவர்களிடமே வேறுபடுவதையும் 2018 இல் கண்டது. 2020 இல் வெளியான மறுமதிப்பீடு, தசைத் தடிப்பு நோய்க்கான ஆபத்தின் பெரும்பங்கு இக்குறையோடு சிலரிடம் சேர்ந்துவரும் மற்றோர் அரிய மாற்றத்துக்கே உரியது என விளக்கியது. அதாவது, இக்குறையைச் சுமப்போரிற் பெரும்பாலானோர் அஞ்ச வேண்டியதில்லை. சிறு தொகையினர் கட்டாயம் கவனிக்கப்பட வேண்டும். அச்சிறு தொகையினர் யாவர் என்பதே கேள்வி.

இக்கேள்வி தமிழர், முஸ்லிம்கள் ஆகிய இரு சமூகங்களுக்கும் பொதுவானது. இரு சாராரிடமும் நெருங்கிய உறவுக்குள் மணம் செய்யும் வழக்கம் உண்டு. தாய், தந்தை இருவரும் ஒரே குறையைச் சுமப்பாராயின், பிள்ளை அதனை இரு பக்கத்திலிருந்தும் பெறும் வாய்ப்பு நான்கில் ஒன்று. மேலும், பரம்பரை நோயொன்றை அறியக் குடும்ப வரலாறு இன்றியமையாதது. எமது குடும்பங்களோ சிதறிக் கிடக்கின்றன. 1990 இல் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்டுப் புத்தளத்தில் வேரூன்றிய முஸ்லிம் குடும்பத்தில் இளவயதில் திடீரென இறந்த சிறிய தந்தையைப் பற்றியோ, ரொறன்ரோவில் இதயநோய்க்கு உள்ளான தமையனைப் பற்றியோ இங்குள்ள வைத்தியர் கேட்டாலன்றி எவரும் சொல்லப்போவதில்லை.

ஆகவே செய்யவேண்டியவை தெளிவானவை. இதயத் தசைநோய் உள்ளவரின் பெற்றோர், உடன்பிறந்தார், பிள்ளைகள் ஆகியோர் ஈ.சி.ஜி., எக்கோ பரிசோதனைகளுக்கு அழைக்கப்பட வேண்டும். போதனா வைத்தியசாலையும் மருத்துவ பீடமும் இணைந்து பேணும் பதிவேடு இதற்கு அடிப்படையாக அமையும். பரம்பரையலகுப் பரிசோதனை தகுதியான வைத்தியரின் ஆலோசனையுடனும் நோயாளரின் சம்மதத்துடனும் மட்டுமே நிகழ வேண்டும். முடிவு அவர்களுக்குப் புரியும் தமிழில் விளக்கப்பட வேண்டும். திருமணப் பேச்சுகளில் ஒரு பெண்ணையோ ஆணையோ தள்ளிவைக்கும் கருவியாக அது மாறிவிடலாகாது. இதயச் செயலிழப்புக்கான பரவலான காரணிகள் இன்றும் மாரடைப்பும் உயர் இரத்த அழுத்தமும் நீரிழிவுமே என்பதையும் மறத்தலாகாது.

உயிர்களுக்கு வீணே துன்பம் இழைத்தலைச் சைவமும் ஏற்பதில்லை, இஸ்லாமும் ஏற்பதில்லை. ஆய்வுகூடங்களில் மடிந்த விலங்குகள் எமக்கு ஒரு கேள்வியை விட்டுச் சென்றுள்ளன. அதற்கான விடை எமது நோயாளரிடமும் அவர்தம் குடும்பங்களிடமுமே உள்ளது. அதனைத் தேடாதிருப்போமாயின் அவ்வுயிர்கள் மாண்டதும் எம்மைப் பொறுத்தவரை வீணாகவே முடியும்.