மெட்டல் டிடெக்டரும் மலை மண்ணும்

காப்பிப் பழம் பறிக்க வந்த ஒரு அம்மாவின் தாலிக் கயிறு போன வாரம் பக்கத்துத் தோட்டத்தில் அறுந்து விழுந்துவிட்டது. ஒரு கிராம் பொட்டும் இரண்டு குண்டும். தோட்டக்காரர் மகன் ஆன்லைனில் வாங்கி வைத்திருந்த மெட்டல் டிடெக்டரோடு இறங்கினான். இரண்டு நாளில் முப்பது குழி தோண்டினான். காப்பிச் செடியின் வேர்தான் அறுந்ததே தவிர தாலி கிடைக்கவில்லை. திரையில் ஒரு வீச்சுக்கு 40, அடுத்ததற்கு 12, அதற்கடுத்து 71 என்று எண் குதித்தது. "மிஷினே ஓட்டை அங்கிள்" என்றான்.

மிஷின் மேல் தப்பில்லை, நம் மலை மண்ணை அது புரிந்துகொள்ளவில்லை என்பதுதான் என் கட்சி.

சேர்வராயன் மலையின் பாறை சார்னோகைட். காலங்காலமாக மழையில் இற்றுப்போய் மேலே செம்மண்ணும் பாக்சைட்டும் ஆகியிருக்கிறது. இங்கிருந்து பாக்சைட் மேட்டூர் அலுமினியம் ஆலைக்குப் போனது ஊருக்கே தெரியும். "அலுமினிய மண், அதான் கத்துது" என்று டீக்கடையில் ஒருவர் விளக்கம் சொன்னார். அது சரியில்லை. பாக்சைட் உலோகமாக ஆகாத தாது. அதில் மின்சாரம் ஓடாது. கத்த வைப்பது செம்மண்ணில் இருக்கும் இரும்பு. இரும்பு ஆக்சைடில் சில வகை காந்தத்துக்கு இசையும். காயிலை ஒரு அங்குலம் தூக்கினாலும் இறக்கினாலும் மண்ணின் பதில் மாறும். பொருளின் பதிலும் அதோடு கலந்து வருவதால் எண் நிற்காது.

மூன்றாம் நாள் நானும் போனேன். (மின்வாரியத்தில் முப்பது வருஷம் காயிலோடு மல்லுக்கட்டியவன் என்ற திமிர்.) முதலில் உலோகம் எதுவும் இல்லாத இடம் பார்த்து, காயிலை மண்ணுக்கு மேலே ஏற்றி இறக்கி, சத்தம் ஒரே சீராக வரும்வரை கிரவுண்ட் பேலன்ஸ் செய்தோம். சென்சிடிவிட்டியைப் பாதியாக்கினேன். பையனுக்கு மனசே வரவில்லை. "கொறைச்சா ஆழத்துல இருக்கறது தெரியாதே அங்கிள்?" மூன்று நாள் முன்னால் விழுந்த தாலி எத்தனை அடி ஆழத்துக்குப் போயிருக்கும்? சருகுக்கு அடியில்தானே கிடக்கும்! செல்போனைத் தள்ளி வைக்கச் சொன்னேன். மின்கம்பிக்கு அடியில் எண் ஆடினால் அதைக் கணக்கில் எடுக்க வேண்டாம் என்றேன். காயிலை ஒரே உயரத்தில், மெதுவாக ஆட்ட வேண்டும். சத்தம் வந்தால் கால் வட்டம் சுற்றி நின்று குறுக்கேயும் ஒருமுறை ஆட்ட வேண்டும். இரண்டு பக்கமும் எண் இரண்டு மூன்றுக்குள் நின்றால் மட்டும் மண்ணில் கை வைக்கலாம். துருப்பிடித்த ஆணி என்றால் சுற்றி நின்றதும் எண் உடைந்துவிடும்.

பையன் இன்னொன்றும் செய்திருந்தான். குப்பையைத் தவிர்க்கிறேன் என்று சின்ன எண்களை எல்லாம் அடைத்து வைத்திருந்தான். ஒரு கிராம் தங்கமும் மாத்திரை அட்டையின் தகடும் ஏறக்குறைய ஒரே எண்ணைத்தான் காட்டும். தகட்டை ஒதுக்கினால் தாலியையும் சேர்த்து ஒதுக்கியதாகிவிடும். விற்கிறவர்கள் மேஜைமேல் காசை வைத்து "இதுதான் தங்கத்தின் எண்" என்று வீடியோ போடுகிறார்களே, அதை நான் மோசடி என்றே சொல்வேன். மேஜையில் மண் ஏது?

பெரிய மூளைக்கே இது நடந்திருக்கிறது. 1881ல் அமெரிக்க ஜனாதிபதி கார்ஃபீல்டின் உடம்பில் இருந்த துப்பாக்கிக் குண்டைத் தேட கிரகாம் பெல் இப்படி ஒரு கருவியோடு வந்தார். படுக்கைக்குள் இருந்த இரும்புச் சுருள்கள் குழப்பிவிட்டன. போதாததற்கு டாக்டர் வலப்பக்கம் மட்டும்தான் தேடவிட்டார். குண்டு இருந்தது இடப்பக்கம். ஜனாதிபதி பிழைக்கவில்லை.

அடைத்த எண்களைத் திறந்துவிட்டோம். மாத்திரை அட்டை, பாக்குப் பொட்டலம் என்று மதியம்வரை குப்பைதான் பொறுக்கினோம். அந்த அம்மா கழுத்தில் மஞ்சள் துண்டைக் கட்டிக்கொண்டு, பேசாமல் கூடவே நடந்தார். மூன்று மணிக்கு ஒரு சில்வர் ஓக் மரத்தடியில் எண் நின்றது. குறுக்கே ஆட்டினோம், அப்போதும் நின்றது. சருகை விலக்கினால் பொட்டு, ஒரு குண்டு, கொஞ்சம் கயிறு.

இதைக் கேட்டுவிட்டு, கருவியோடு புதையல் தேடக் கிளம்பலாமா என்று இரண்டு பேர் என்னிடம் வந்தார்கள். 1878ஆம் வருஷத்துப் புதையல் சட்டம் இன்னும் இருக்கிறது, பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ளது கிடைத்தால் கலெக்டரிடம் தெரிவிக்க வேண்டும் என்றேன். போய்விட்டார்கள்.

இன்னொரு குண்டு கிடைக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை மறுபடி போகிறோம். பையன் முதலில் அந்த முப்பது குழியையும் மூடட்டும் என்று சொல்லியிருக்கிறேன்.